அக்கா தங்கை பிரியக்கூடாத இடம்

நடன மாஸ்டருக்கு உயிரியல் என்றால் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. தவளையை வரையச் சொன்னபோது உருளைக்கிழங்குக்கு நாலு கால் வைத்து அனுப்பியவர். அப்படிப்பட்டவர், கல்லூரியின் உயிரியல் பேராசிரியை படியேறி வந்து, "புது ஆய்வுக்கூடம் திறக்கிறோம், விழாவுக்கு ஒரு நடனம் வேணும், செல் பிரிதலைப் பத்தி" என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். செல் என்றால் செல்போன், பிரிதல் என்றால் காதலர் பிரிதல் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். போனில் காதலித்துப் போனிலேயே பிரிகிற ஒரு ஜோடி. பாட்டு கூட மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

"அருமையான கரு, மேடம். கடைசியில ரெண்டு பேரையும் சேர்த்து வச்சிடலாமா?"

"சேர்க்கக் கூடாது, மாஸ்டர். சேர்த்தா அது கருவுறுதல். அது அடுத்த பாடம்."

மாஸ்டர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அப்போதுதான் நிறுத்தினார்.

அவருடைய நடனக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்று அடிக்கும் சத்தம், மேலே தாளம். இரண்டுக்கும் எப்போதாவது பொருத்தம் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். பேராசிரியை சுற்றிலும் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு இழுத்துப் போட்டார். பாடம் நடத்தாமல் இறங்கிப் போகிற ஆள் இல்லை அவர் என்பது மாஸ்டருக்குப் புரிந்துபோயிற்று.

"ஒரு செல்லுக்குள்ள ஒரு சிவப்பு, ஒரு நீலம் இருக்குன்னு வைங்க. குரோமோசோம். சிவப்பு அம்மா கொடுத்தது, நீலம் அப்பா கொடுத்தது. பிரியறதுக்கு முன்னால ஒவ்வொண்ணும் தன்னை மாதிரியே இன்னொண்ணை உண்டாக்கி, இடுப்போட ஒட்டிக்கும். அந்த ரெட்டைக்குப் பேரு சகோதரிகள்."

"நீலம் ரெண்டும்?"

"அதுவும் சகோதரிகள்தான். அப்பா கொடுத்ததுன்னு சகோதரர்கள் ஆயிடாது. இப்ப மைட்டாசிஸ். எல்லாரும் நடுவுல வரிசையா நிப்பாங்க. ரெண்டு பக்கத்திலிருந்தும் இழை வந்து சகோதரிகளைப் பிரிச்சு ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இந்தப் பக்கம் ஒரு சிவப்பு ஒரு நீலம், அந்தப் பக்கமும் அப்படியே. பழைய செல் மாதிரியே ரெண்டு செல். நம்ம தோல் வளர்றது, புண்ணு ஆறுறது எல்லாம் இப்படித்தான்."

"ஜெராக்ஸ்."

"வச்சுக்கோங்க. மியாசிஸ் வேற. ரெண்டு தரம் பிரியணும். முதல்ல சிவப்பும் நீலமும் ஜோடி போட்டு, ஒட்டி நின்னு, ஆளுக்குக் கொஞ்சம் துண்டை மாத்திக்கும். அப்புறம் ஜோடி பிரியும். ஆனா கவனிங்க, அக்கா தங்கச்சி பிரியக் கூடாது. சிவப்பு ரெண்டும் சேர்ந்தே ஒரு பக்கம், நீலம் ரெண்டும் சேர்ந்தே ஒரு பக்கம். ரெண்டாவது தரம்தான் அக்கா தங்கச்சி பிரியணும். கடைசியில நாலு செல். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒருத்தர். நாலும் நாலு விதம்."

"பாதி ஆயிடுச்சே, மேடம்."

"பாதி ஆனாத்தான் அம்மா பாதியும் அப்பா பாதியும் சேர்ந்து முழுசாகும். கருமுட்டை, விந்தணு உண்டாகறது இப்படித்தான்."

மாஸ்டர் நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப முதலாவது நகல் எடுக்கிறது. ரெண்டாவது பாகப்பிரிவினை. பாகம் பிரிக்கறதுக்கு முன்னால பாத்திரத்தை மாத்திக்கிறாங்க."

பேராசிரியை முதல் முறையாகச் சிரித்தார். "என் மாணவர்கள் பரீட்சைக்குப் பரீட்சை இது ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. பார்த்த உடனே மண்டையில ஏறணும். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சகோதரிகள் அச்சில் வார்த்த மாதிரி இருக்கணும். ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டைன்னு கொண்டுவந்து நிறுத்தாதீங்க."

இங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பெண்கள் ஊரில் இல்லாமல் இல்லை. மாஸ்டரின் மனைவியும் மச்சினியும் இரட்டைப் பிறவிகள். மூக்கும் முழியும் நடையும் தும்மலும் ஒன்று. இரண்டு பேரும் நன்றாக ஆடுவார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் ஒரு பச்சைக் கோட்டு. சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு இரண்டு பேரும் ஒரே பச்சையில், ஒரே பெரிய பித்தான் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் வாங்கியது. நீ என்னைப் பார்த்து வாங்கினாய் என்று பெரியவளான மாஸ்டரின் மனைவி சொன்னாள். உன் ரசனையைப் பார்த்து வாங்க எனக்கென்ன கண்ணவிஞ்சா போச்சு என்று சின்னவள் சொன்னாள். கால் மணி நேரம் முன்னால் பிறந்த அக்கா, கால் மணி நேரம் பின்னால் பிறந்த தங்கையைக் காப்பி அடிப்பாளா, தங்கைதானே அடிப்பாள் என்று பெரியவள் ஒரு தர்க்கம் வைத்தாள். அதோடு பேச்சு நின்றது. இப்போது ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாலும் இரண்டு பேரும் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவார்கள்.

மாஸ்டர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"ஒரு நடனம். நீயும் இன்னொருத்தியும்."

"அந்த இன்னொருத்தி யாரு?"

"உன்னை மாதிரியே இருப்பா."

"என்னை மாதிரி யாரும் இல்ல."

"மைட்டாசிஸ்ல நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு போகணும். அதான் கதையே."

பிரிய வேண்டும் என்று சொன்னதும் பெரியவள் யோசித்தாள். அதே நேரத்தில் தெருக்கோடி வீட்டில், மாஸ்டரின் சகலை, மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, தன் மனைவியிடம் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சகலை லாரி ஓட்டுபவர். கதவு அகல உடம்பு, எறும்புக்கும் நோகாத மனசு. பிரிய வேண்டும் என்பதற்காகவே இரண்டு பேரும் சம்மதித்தார்கள். மியாசிஸ் என்று ஒன்று இருப்பதைச் சகலைமார் இருவரும் அன்றைக்கு மறந்துவிட்டார்கள்.

நீலத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. டயர் கடைக்குப் பக்கத்து சலூன்காரரும், அந்தக் கட்டடத்துக்குக் குழாய் வேலை பார்க்கும் பிளம்பரும் அண்ணன் தம்பி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ரத்த சம்பந்தம் கிடையாது; மீசை சம்பந்தம்தான். இரண்டு பேருக்கும் வழுக்கை, தொந்தி, முனை முறுக்கிய கனத்த மீசை எல்லாம் ஒரே அளவு.

"நீங்க ரெண்டு பேரும் சகோதரிகள்" என்று மாஸ்டர் சொன்னார்.

"யாரு அக்கா?" என்று பிளம்பர் கேட்டார். மற்றபடி அவர்களால் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒத்திகையில் மைட்டாசிஸ் தேனாக ஓடியது. சொல்லப்போனால் அளவுக்கு மீறி ஓடியது. தாளம் தொடங்குவதற்கு முன்னாலேயே பெரியவள் வலக் கோடியிலும் சின்னவள் இடக் கோடியிலும் போய் நின்றுவிடுவார்கள். "நடுவுல வந்து கொஞ்சம் நில்லுங்கம்மா, அப்புறம் பிரியலாம்" என்று மாஸ்டர் கெஞ்ச வேண்டியிருந்தது.

மியாசிஸ்தான் வினையாயிற்று. முதல் பிரிவில் சிவப்பு இரண்டும் கைகோத்துக்கொண்டு இடப் பக்கம் போக வேண்டும். பெரியவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சின்னவள் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். தாளம் விழுந்ததும் இரண்டு பேரும் பழையபடி ஆளுக்கொரு திசை.

ஒத்திகை பார்க்க வந்த பேராசிரியை தலையை ஆட்டினார். "இப்படிப் பிரிஞ்சா இது மியாசிஸே இல்ல. மறுபடியும் மைட்டாசிஸ்தான். என் பசங்க பண்ற தப்பையே மேடையில பண்ணிக் காட்டறீங்க."

"மாமா, அவங்களைக் கையை நீட்டச் சொல்லுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் சின்னவள்.

"என்னங்க, யாரோ என்னை அவங்கன்னு சொல்றாங்க. அக்கான்னு கூப்பிடச் சொல்லுங்க, நீட்டறேன்" என்றாள் பெரியவள்.

பேராசிரியைக்கு விவகாரம் புரியவில்லை. இரட்டையரைப் பார்த்த உற்சாகத்தில், "நீங்க ரெண்டு பேரும் ஒரே கருமுட்டை ரெண்டா ஆனதுல வந்தவங்க. உங்கள்ல யாரும் அசலும் இல்ல, யாரும் நகலும் இல்ல" என்று விளக்கினார். சமாதானத்துக்காகச் சொன்னதல்ல, அறிவியலாகச் சொன்னார். ஆனால் அசல் இல்லை என்றது இரண்டு பேருக்கும் சுருக்கென்று தைத்தது. அன்றைய ஒத்திகை அதோடு சரி.

வழி கண்டுபிடித்தவர் சகலை. லாரியில் மூட்டைகளை இழுத்துக் கட்டுகிற கனமான பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பேரின் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி, பக்கவாட்டில் இரும்புக் கொக்கியை மாட்டிவிட்டால் கைகோக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரிய வேண்டிய இடத்தில் கொக்கியைத் தட்டினால் திறந்துகொள்ளும். "இந்தப் பட்டை அத்தனை சரக்கையும் மலைப்பாதையில தாங்கியிருக்கு, சகலை. அக்கா தங்கச்சியைத் தாங்காதா?" என்றார். பேராசிரியைக்கும் பிடித்துப்போயிற்று, சகோதரிகள் ஒட்டியிருக்கும் இடுப்பு மாதிரியே இருக்கிறது என்றார். நீலத்துக்கு ஒரு சாதாரணத் துணிக் கச்சை போதும் என்று முடிவாயிற்று. ஒத்திகையில் இழைகளுக்காகக் கட்டிய கயிறுகளை மெதுவாக இழுத்ததால் கொக்கி ஒவ்வொரு தடவையும் சமர்த்தாகத் திறந்தது.

விழா அன்று காலையில் ஒரு சின்ன விபத்து. சலூன்காரர் தன் மீசையைப் பிளம்பரின் மீசைக்குச் சரியாக ஒட்ட நறுக்கப் போனார். இடப் பக்கம் வெட்டு கொஞ்சம் கூடிவிட்டது. சமன் செய்ய வலப் பக்கம் எடுத்தார், அது அதைவிடக் குறைந்துவிட்டது. ஊருக்கெல்லாம் முடிவெட்டுகிற கைக்குத் தன் முகத்தில் கணக்குத் தப்பியது. கடைசியில் மீசை இருந்த இடம் வழித்துவிட்ட தட்டு மாதிரி ஆனது. மாஸ்டர் ஒப்பனைப் பெட்டியிலிருந்து ஒரு பொய் மீசையை எடுத்துப் பசை தடவி ஒட்டினார். "சிரிக்காதீங்க, வேர்க்காதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. பேராசிரியை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். இடப் பக்கத் திரைக்குப் பின்னால் சகலை, வலப் பக்கத் திரைக்குப் பின்னால் மாஸ்டர். ஆளுக்கு இரண்டு கயிறு, இழை அவர்கள்தான். சகலையின் கயிறு அவர் மனைவியின் இடுப்புக்குப் போனது, மாஸ்டரின் கயிறு இவர் மனைவியின் இடுப்புக்கு. மற்ற இரண்டு கயிறும் மீசைக்காரர்களுக்கு.

தாளம் விழுந்தது. சிவப்பும் நீலமும் நடுமேடையில் வரிசையாக நின்றன. "இப்போது சகோதரிகள் பிரிகிறார்கள்" என்றார் பேராசிரியை.

நீலம் இரண்டும் அழகாகப் பிரிந்து, பிளம்பர் வலப் பக்கமும் சலூன்காரர் இடப் பக்கமுமாகச் சுழன்று போனார்கள். சிவப்பு நகரவில்லை. பெரியவள் கொக்கியைத் தட்டினாள். அசையவில்லை. சின்னவள் தட்டினாள். அசையவில்லை. விழா வேகத்தில் இருந்த சகலை, மனைவி வரக் காணோமே என்று இன்னும் பலமாக இழுத்தார். அந்தப் பட்டையோ மூட்டை கட்டுகிற பட்டை. இழுக்க இழுக்க இறுகுவதுதான் அதன் குணம். மாஸ்டரும் தன் பங்குக்கு இழுத்தார். இரண்டு புருஷன்மாரும் ஆளுக்கொரு பெண்டாட்டியை இழுக்க, நடுவில் இரண்டு பெண்களும் வெளுத்த முகத்தோடு சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

லாரி ஓட்டுகிற கைக்கும் தாளம் போடுகிற கைக்கும் நடக்கிற போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சிவப்பு இரண்டும் சேர்ந்து இடப் பக்கம் வழுக்கிக்கொண்டு போக, கயிற்றைக் கையில் சுற்றியிருந்த மாஸ்டரும் காலுறையோடு மேடைக்குள் சறுக்கி வந்து, வெளிச்சத்துக்கு நடுவில் சப்பணமிட்ட மாதிரி உட்கார்ந்தார்.

அரங்கம் அவரைப் பார்த்தது. அவர் அரங்கத்தைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கையை நடன பாவத்தில் தூக்கினார்.

"நடுவில் உட்கார்ந்திருப்பது இழை" என்றது பேராசிரியையின் குரல், கொஞ்சமும் பதறாமல். "அதைக் கண்டுகொள்ள வேண்டாம். இப்போது இடப் பக்கம் மூன்று பேர், வலப் பக்கம் ஒருவர். இது சரியா?"

"தப்பு" என்றார்கள் மாணவர்கள்.

"தப்புதான். செல்லுக்குள்ளும் எப்போதாவது இப்படி நடக்கும். இதற்குப் பிரியாமை என்று பெயர். எழுதிக்கொள்ளுங்கள்."

திரை விழுந்தது. மாஸ்டர் எழுந்து ஓடினார். கொக்கியோடு சகலை மல்லுக்கு நின்றார், பிளம்பர் குனிந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. மாஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக அறிவியல் அவருக்குக் கைகொடுத்தது. "பரவால்ல, விடுங்க. மியாசிஸ்ல முதல் பிரிவுக்கு நீங்க ஒட்டித்தான் இருக்கணும். ரெண்டாவது பிரிவுக்குள்ள கடவுள் வழி காட்டுவாரு."

சிவப்பு ஜோடியும் நீல ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. துண்டு மாற்றும் கட்டம். பெரியவளும் பிளம்பரும் சும்மா நிற்க, சின்னவளும் சலூன்காரரும் நெருங்கி வந்து, கழுத்தில் கிடந்த சால்வைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். சலூன்காரருக்கு விளக்குச் சூட்டில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. சால்வையை அவர் தலைவழியாகக் கழற்றியபோது மீசையும் கூடவே வந்தது. வந்த மீசை நீலச் சால்வையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, சால்வை சின்னவளின் கழுத்தைச் சுற்றி வருகிற வேகத்தில் அவளுடைய மேலுதட்டில் போய் உட்கார்ந்தது. அளவெடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

அவளுக்குத் தெரியவில்லை. கம்பீரமாக நிமிர்ந்து நின்றாள். அரங்கம் முதலில் மூச்சடைத்தது, பிறகு சிரிப்பில் அதிர்ந்தது.

"குறுக்கேற்றம்" என்றார் பேராசிரியை. அவர் குரலில் இருந்த சந்தோஷம் பின்வரிசை வரை கேட்டது. "நீலத்திடம் இருந்த ஒரு துண்டு இப்போது சிவப்பிடம் இருக்கிறது."

பெரியவள் பக்கவாட்டில் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற அதே முகம், மீசையோடு. அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. பட்டையால் கட்டுண்டிருந்ததால் குலுக்கல் சின்னவளுக்கும் போயிற்று.

"என்ன?" என்று சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சிரிக்காம போ."

பேசிவிட்டார்கள். கவனிக்க இரண்டு பேருக்கும் நேரம் இல்லை. ஜோடி பிரிந்தது, நீலம் இரண்டும் வலப் பக்கம் போக, சிவப்பு இரண்டும் சேர்ந்தே, கால் மாற்றாமல், இடப் பக்கம் ஆடிப் போயின. ஒத்திகையில் பட்டை கட்டியும் தடுமாறிய அந்த நடை, இறுகிய பட்டையின் புண்ணியத்தில் பிசகில்லாமல் வந்தது. மாஸ்டர் திரைக்குப் பின்னால் கைகூப்பினார்.

மிச்சம் இருந்தது இரண்டாவது பிரிவு. சகலை இந்தத் தடவை கயிற்றைத் தொடவே பயந்தார். நடுவில் சிவப்பு இரண்டும் நின்று கொக்கியைத் தடவின.

"இழுக்கறதாலதான் இறுகுது" என்று பெரியவள் முணுமுணுத்தாள். "என் பக்கம் ஒட்டி வா. மூச்சை உள்ள இழு."

"இழுத்துட்டேன். நீ இழு."

"நான் இழுத்துத்தான் இருக்கேன்."

"இதுக்குப் பேரு இழுக்கறதா? எப்பவும் நான்தான் விட்டுக்கொடுக்கணும்."

"தொந்தியைப் பத்திப் பேசறப்ப விட்டுக்கொடுக்கறதைப் பத்திப் பேசாத. இன்னும் கிட்ட வா."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல்தான். பட்டை தொளதொளத்தது, கொக்கி கிளிக்கென்று திறந்தது. பார்த்தவர்களுக்கு அது ஏதோ உருக்கமான விடைபெறுதல் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். முதல் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். பிளம்பரும் சலூன்காரரும் பிரிந்து தம் இடங்களுக்குப் போனார்கள். மேடையில் நாலு வெளிச்ச வட்டம், வட்டத்துக்கு ஒருவர்.

"எத்தனை செல்?" என்று கேட்டார் பேராசிரியை.

"நாலு."

"எல்லாம் ஒரே மாதிரியா?"

"இல்ல. முழுச் சிவப்பு ஒண்ணு, முழு நீலம் ஒண்ணு, மீசை போன நீலம் ஒண்ணு, மீசை வச்ச சிவப்பு ஒண்ணு."

சின்னவள் அப்போதுதான் கையை எடுத்து மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

விழா முடிந்து பேராசிரியை மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரியாமையையும் சேர்த்துக் காட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அது மேல் வகுப்புப் பாடம் என்றார். மாஸ்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். சலூன்காரர் மட்டும் மனம் விட்டுப்போய் நின்றார். ஊர் பார்க்க மீசை போய்விட்டது என்று. "வளர்ந்துடும்யா" என்று தேற்றிய பிளம்பர், தன் மீசையை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டார்.

எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சகலையின் லாரி திரும்பியது. மீசைக்காரர்கள் இரண்டு பேரும் பின்னால் சரக்குப் பெட்டியில். முன்பக்கம் சகலையும் மாஸ்டரும். அவர்களுக்குப் பின்னால், டிரைவர் படுக்கிற குறுகிய பலகையில் சகோதரிகள்.

"அந்தப் பட்டையைக் கொண்டுவரச் சொன்னது யாரு?" என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"உன் புருஷன்தான்."

"சரின்னு சொன்னது உன் புருஷன்."

"இடுப்பு நசுங்கிப் போச்சு எனக்கு."

"எனக்கு மட்டும் என்ன, பூவாலயா கட்டியிருந்துச்சு? கடைசியில மூச்சை இழுன்னு ஐடியா கொடுத்தது நான்."

"நீயா? நான்தான் சொன்னேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லிட்டு உன்னோடதுங்கறியா?"

சகலை மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். சண்டை ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை, சிக்னலில் லாரி நின்றபோதும் தான் நிற்காமல், தொடர்ந்தது. பச்சைக் கோட்டு வந்தது, யார் முதலில் பிறந்தது என்பது வந்தது, பள்ளிக்கூடத்தில் ஒருத்தி மற்றவளுக்காகத் தண்டனை வாங்கியது வந்தது. அப்புறம் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"உதட்டுக்கு மேல என்னடி, சிவந்து கெடக்கு?"

"அந்தப் பசைதான். தேய்ச்சேன், போக மாட்டேங்குது."

"தேய்ச்சா எப்படிப் போகும்? எண்ணெய் தொட்டு எடுக்கணும். பையில இருக்கு, முகத்தை இப்படித் திருப்பு."

"மெதுவா, அக்கா. எரியுது."

ஓட்டிக்கொண்டிருந்த சகலைக்குக் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"திரும்பாதீங்க, சகலை" என்றார் மாஸ்டர் அடிக்குரலில். "ரோட்டைப் பாருங்க."